பந்தி முடிந்து வகுப்புக்கு வருகிறவர்கள்



கல்லூரிகள் திறந்துவிட்டன. காலை வேளையில் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், செய்யூர், கல்பாக்கம் பக்கத்துப் பேருந்துகளிலிருந்து பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம். முதலாமாண்டு சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். புதுச் சட்டை, புதுப் பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள். கூட வந்திருக்கும் அம்மாவின் காதிலோ கையிலோ போன மாதம் கிடந்த ஒன்று இந்த மாதம் இருக்காது. நம் வீடுகளில் கல்லூரிச் சேர்க்கைக்கும் அடகுக் கடைக்கும் உள்ள உறவு பழையது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் அப்துல் கலாம் சேர்ந்தபோது, பணம் கட்டுவதற்காக அவருடைய அக்காள் தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கலாம் இதைத் தன் வாழ்க்கை வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். சுமார் எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வளையல்கள் இன்னும் அடகுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

அரசுக் கல்லூரிதானே, அங்கே என்ன செலவு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் கல்விக் கட்டணம் பல ஆண்டுகளாகவே கிடையாது. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் காசு கொடுக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதேபோல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை சின்ன உதவிகள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வங்கிக் கணக்கில் தன் பெயருக்கு மாதாமாதம் ஒரு தொகை வருகிறது என்பதே பல வீடுகளில் ஒரு பெண்ணின் படிப்பை நடுவில் நின்றுபோகாமல் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் கட்டணத்தோடு படிப்புச் செலவு முடிந்துவிடுவதில்லை. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், போனுக்கு ரீசார்ஜ், விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அறை வாடகை, ரயிலில் வருகிறவர்களுக்கு சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு என்று வரிசை நீளும். காலைச் சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் பலர் அதைச் சாப்பிடுவதே இல்லை. விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு வீட்டில் அந்த நேரத்தில் என்ன இருக்கும்? இவற்றையெல்லாம் தாண்டி இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான் என்றால், சம்பளம் கொண்டுவந்திருக்கக்கூடிய ஒரு கை வீட்டில் குறைகிறது. அந்தக் குறையையும் அவனே கொஞ்சமாவது ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் வேலைக்குப் போகிறார்கள். பல அரசு கலைக் கல்லூரிகளில் இருக்கும் ஷிப்ட் முறை இதற்கு வழிவிடுகிறது. காலை ஷிப்டில் படிப்பவர் மதியத்துக்கு மேல் ஜவுளிக் கடை, மருந்துக் கடை, மொபைல் கடை என்று எங்காவது நிற்கிறார். மாலை ஷிப்ட்காரர் விடியலில் பால் பாக்கெட்டோ நாளிதழோ போட்டுவிட்டு வருகிறார். உணவு டெலிவரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் விடுமுறை மாதங்களில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட நம் கண்ணெதிரிலேயே நடந்தும் நாம் கவனிக்காத வேலை ஒன்று உண்டு. அதுதான் கேட்டரிங்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் மண்டபங்கள், ரிசார்ட்டுகள், தோப்பு வீடுகள். முகூர்த்த நாள் என்றால் எல்லா இடத்திலும் விளக்கு எரியும். அந்த விருந்தைச் சமைப்பவர் மாஸ்டர். ஒப்பந்தம் எடுப்பவர் கேட்டரிங் முதலாளி. மேசைக்குத் தாள் விரித்து, இலை போட்டு, தண்ணீர் வைத்து, “சார், சாம்பாரா ரசமா?” என்று குனிந்து கேட்டு, பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுப்பவர்களில் பெரும்பகுதி கல்லூரிப் பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே செய்தி வந்துவிடும்: “நாளைக்கு ரெண்டு கல்யாணம், இருபது பசங்க வேணும், கறுப்பு பேன்ட், ஷூ கட்டாயம்.” மாலை 4 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். ரிசப்ஷன் பந்தி ஓய இரவு 11 ஆகிவிடும். மேசைகளைத் துடைத்து, பாத்திரங்களை ஒதுக்கி, அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் பாயசம் தீர்ந்திருக்கும். மண்டபத்துத் தரையிலோ சாமான் அறையிலோ இரண்டு, மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, விடிவதற்குள் எழுந்து காலை டிபனுக்கு நிற்க வேண்டும். முகூர்த்தச் சாப்பாடு முடிய மதியம் தாண்டும். சில நூறு ரூபாய் கையில் வரும். சில சமயம் “அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்” என்ற பேச்சு வரும். அடுத்த வாரமும் அதே பேச்சு வந்தால் கேட்பதற்கு அந்தப் பையனுக்கு எந்தத் தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

எனக்கு இதில் மனசை உறுத்துவது வேலையின் கடுமை இல்லை. உழைப்பதற்கு அந்தப் பிள்ளைகள் தயங்குவதே இல்லை. பரிமாறும் வேலையில் அவர்கள் கற்றுக்கொள்வதும் நிறைய: அறியாதவரிடம் பேசுவது, நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது பதறாமல் இருப்பது, கூட வேலை செய்பவன் தடுமாறினால் கைகொடுப்பது. உறுத்துவது மறுநாள் கல்லூரியில் நடப்பதுதான். கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் இருசக்கர வண்டியில் மூன்று பேராகத் திரும்பியவன், முதல் பாடவேளையில் கடைசி பெஞ்சில் தூங்குகிறான். அல்லது வருவதே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுத வேண்டும். இன்னும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. படிப்புச் செலவுக்காக வேலைக்குப் போனவன், வேலைக்குப் போனதற்காகவே மேலும் பணம் கட்டுகிறான். அந்தப் பணத்துக்காக இன்னொரு கல்யாணத்துக்குப் போகிறான். எத்தனை அரியர்களுக்குப் பின்னால் எத்தனை பந்திகள் இருக்கின்றன என்று எந்தக் கல்லூரியும் கேட்டுப் பதிவு செய்வதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் நிலை வேறு. ரிசப்ஷனில் பன்னீர் தெளித்து வரவேற்க ‘வெல்கம் கேர்ள்ஸ்’ தேவைப்படுகிறார்கள்தான். ஆனால் இரவு வேலைக்கு அனுப்ப எத்தனை வீடுகள் சம்மதிக்கும்? அனுப்பாத பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பையனைவிட அதிக மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்குச் சம்பாதிக்கும் வழி அவனைவிடக் குறைவு. பாதுகாப்பான இடத்தில், பகல் வெளிச்சத்தில், ஆசிரியர்கள் கண்பார்வையில் ஒரு வேலை கிடைத்தால் அவள் கட்டாயம் செய்வாள். அப்படி ஓர் இடம் அவள் தினமும் போய்வரும் கல்லூரிதான்.

கல்லூரிக்குள்ளேயே வேலை, மணிக்கணக்கில் கூலி. இந்த மாதம் இந்தப் பக்கத்தில் நான் உங்களிடம் பேச வந்தது இதைத்தான்.

இதை ஏதோ அயல்நாட்டு யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். 1924-இல் சாதாராவில் விடுதி வைத்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையில் தங்கினார்கள், ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள், உழைத்துக்கொண்டே படித்தார்கள். விடுதியில் அரிசி, பருப்பு தீர்ந்தபோது அவருடைய மனைவி லட்சுமிபாய் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசியில் தாலியையும் கொடுத்தார் என்பதை அந்த மண்ணில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். புணே பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் உழைத்துச் சம்பாதித்துப் படிக்கும் திட்டம் இன்று பாவ்ராவ் பாட்டீல் பெயரில்தான் நடக்கிறது. நூலகத்தில், துறை அலுவலகங்களில், தோட்டத்தில் மாணவர்கள் தினமும் சில மணி நேரம் வேலை செய்து கூலி பெறுகிறார்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரி 1892-லிருந்து மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும்.  1964-இல் அமெரிக்க அரசே சட்டம் கொண்டுவந்து, படிக்கும் பிள்ளைகளின் கூலியில் பெரும்பங்கை அரசு கொடுக்க ஏற்பாடு செய்தது. நம் தெருவிலிருந்து அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன பிள்ளைகளுக்குக் கல்லூரி வளாக வேலை நன்றாகத் தெரியும். மாணவர் விசாவில் போகிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறார்கள், உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறார்கள், ஆய்வகத்தில் உதவுகிறார்கள். “பையன் அங்கே பார்ட் டைம் பண்றான், கைச்செலவுக்கு எங்களிடம் கேட்பதே இல்லை” என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே நாம், இங்கே மண்டபத்தில் பரிமாறும் பையனிடம் “என்ன படிக்கிறாய்?” என்றுகூடக் கேட்பதில்லை. அவனும் தன் வகுப்புத் தோழன் அந்தக் கல்யாணத்துக்கு விருந்தினனாக வந்துவிட்டால், வேறு பந்திக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்குகிறான். நியூயார்க்கில் தட்டுக் கழுவுவதற்கு இருக்கும் மரியாதை நம் கடற்கரைச் சாலை நெம்மேலியில் இலை எடுப்பதற்கு ஏன் இல்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் செய்வதற்கு வேலையா இல்லை? மாலையில் பூட்டிக்கிடக்கும் நூலகத்தை இரண்டு மாணவர்கள் இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடலாம், பட்டியலைக் கணினியில் ஏற்றலாம். சேர்க்கை நேரத்தில் ஊரிலிருந்து முதல்முறையாக வரும் அப்பா அம்மாவுக்கு எந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் உதவி மேசை போடலாம். அதில் உட்காருவதற்குப் போன வருஷம் அதே குழப்பத்தில் நின்றவளைவிடப் பொருத்தமானவர் யார்? கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றத் தெரியாமல் கடைக்குக் காசு கொடுக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரியிலேயே அதைச் செய்து தரலாம். மூன்றாமாண்டு மாணவர் முதலாமாண்டுக்காரருக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கலாம். பாடம் தெரிந்தவருக்குக் கூலி, தெரியாதவருக்கு அரியர் விழாது. பல்கலைக்கழக மானியக் குழுவும் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்படி நூலகம், ஆய்வகம், கணினிப் பணிகளை வகுப்பு நேரத்துக்கு வெளியே தரலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. கல்லூரிகள்தான் கையிலெடுக்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்குப் போனால் இந்த எண்ணம் இன்னும் தெளிவாகும். அங்கே 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை நிறுவிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். அங்கே படிப்பு என்பதே கைவேலைதான். உளி பிடித்துக் கல்லைக் கொத்தித்தான் பாடம் ஏறும். ஊருக்குள் நடந்தால் பட்டறைக்குப் பட்டறை உளிச்சத்தம். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. படிக்கும் பிள்ளையின் கைவேலைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது படிப்பைக் கெடுக்காது என்பதை அந்த ஊர் நமக்குக் காட்டுகிறது.

அதே மாமல்லபுரத்தில் இன்னொரு வாய்ப்பும் காத்திருக்கிறது. 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக அறிவித்த இடம் அது. 2021-22-இல் இந்தியாவில் தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு தரும் நினைவுச்சின்னங்களில், வெளிநாட்டார் மிக அதிகமாக வந்தது தாஜ்மகாலுக்கு இல்லை, மாமல்லபுரத்துக்கு. 1,44,984 பேர் வந்தார்கள். ஐந்து ரதம் முன்னால் நின்று அவை ஒவ்வொன்றும் ஒரே பாறையில் செதுக்கியவை என்று எடுத்துச்சொல்ல, 30 கிலோமீட்டர் தொலைவில் செங்கல்பட்டில் வரலாறு படிக்கும் பிள்ளைக்குச் சனி, ஞாயிறுகளில் பயிற்சியும் சம்பளமும் ஏன் தரக்கூடாது? சுற்றுலாத் துறையும் கல்லூரியும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடிய காரியம். பிள்ளைக்கு ஆங்கிலம் திருந்தும், பாடம் மனசில் நிற்கும், வந்தவர்களுக்கும் பல்லவர் வரலாற்றை ஒழுங்காகக் கேட்டோம் என்ற நிறைவு இருக்கும்.

இனி, இந்த யோசனையைக் கேட்டதும் சிலருக்கு வரும் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் சமூகத்தில் ‘வேலை’ என்றதும் யார் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். பள்ளிகளில் கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்ற செய்திகளைப் படித்துப் பதறியவர்கள்தானே நாம். கல்லூரி வேலைத் திட்டம் அந்த வழியில் ஓர் அடிகூடப் போகக் கூடாது. துப்புரவுப் பணிக்கு மாணவரை வைக்கவே கூடாது. நிரந்தரப் பணியாளர் செய்ய வேண்டிய வேலையைக் குறைந்த கூலிக்கு மாணவர் தலையில் கட்டி, அந்தப் பணியிடத்தை ஒழிக்கவும் கூடாது. என்ன வேலை, எத்தனை மணி, என்ன கூலி என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பணம் மாதக் கடைசியில் நேராக வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மேடையில் கூப்பிட்டுக் கவர் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் இதில் நுழையவே வேண்டாம். அது உழைத்ததற்கான கூலி, தர்மம் கிடையாது. வேலை செய்கிறான் என்பதற்காக அவனுடைய உதவித்தொகையில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. தேர்வு மாதத்தில் வேலை நேரம் தானாகக் குறைய வேண்டும். இத்தனையும் எழுத்தில் இல்லாமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்கினால், அந்தத் திட்டம் தொடங்காமலே இருப்பது நல்லது.

பணம் எங்கிருந்து வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 2 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் 40 மணி. மணிக்கு 75 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,000 ரூபாய். 50 பேருக்கு மாதம் ஒன்றரை லட்சம், பத்து மாதப் படிப்புக் காலத்துக்கு 15 லட்சம். கடற்கரைச் சாலையில் நடக்கும் ஒரு பெரிய கல்யாணத்தின் செலவுக்குள் இது அடங்கிவிடும். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொழிற்சாலைகள் செங்கல்பட்டைச் சுற்றி எத்தனை இருக்கின்றன! செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரி 1970-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே படித்து வெளியேறியவர்கள் இன்று ஆசிரியர்களாக, வழக்கறிஞர்களாக, அரசு அதிகாரிகளாக, கடை முதலாளிகளாக இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் கூட்டத்தில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவை ஒரு வருஷம் இந்தப் பக்கம் திருப்பினாலே சில பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிடலாம்.

இது நடக்க நாளாகும். அதுவரை நம் வீடுகளில் கல்யாணங்கள் நிற்கப் போவதில்லை. ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. உங்கள் வீட்டு விருந்துக்குக் கேட்டரிங் பேசும்போது, சாப்பாட்டுப் பட்டியலோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்: பரிமாற வரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தருகிறீர்கள்? அன்றைக்கே தருகிறீர்களா? இரவு எங்கே படுப்பார்கள், எப்படி வீட்டுக்குப் போவார்கள்? பாயசம் தீர்வதற்குள் அவர்களுக்கும் ஒரு பந்தி உண்டா? பணம் கொடுப்பவர் நீங்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி முதல்வர்களாக, பேராசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் உங்கள் கல்லூரியில் பத்தே பத்துப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் வேலை கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால் எப்படிச் செய்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்றக் கல்லூரிகளுக்கும் பயன்படும்படி அதை வெளியிடுகிறோம். வேலை செய்துகொண்டே படிக்கும் பிள்ளைகளும் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எந்தப் பாடம் தவறிப்போகிறது என்று நாலு வரி போதும். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்